லாரிப் பொறியின் தாழ்வேக முறுக்குவிசை

லாரிப் பொறியின் தாழ்வேக முறுக்குவிசை என்பது, சரக்குந்து ஒன்றின் பொறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,600 சுற்றுகள் வரையிலான குறைந்த வேகத்தில் சுழலும்போது அதன் கிராங்குத் தண்டில் கிடைக்கும் முறுக்குவிசையைக் குறிக்கும். ஓட்டுநர்கள் இதனை இழுவை என்பர். பாரத்துடன் நிற்கும் வண்டியை நகர்த்துவதற்கும், மேட்டில் கியரைக் குறைக்காமல் ஏறுவதற்கும் இதுவே தேவைப்படுகிறது. பழைய டீசல் லாரிப் பொறிகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்போது உச்சக் குதிரைத்திறனைவிட இந்த இழுவையே பெரும்பாலும் நாடப்படுகிறது.

ஏற்றத்தில் நிகழ்வது

திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற நகரமாகும். எனினும் பட்டுச் சேலை எடை குறைந்த சரக்கு. அதனை ஏற்றிச் செல்லப் பெரிய பொறி தேவையில்லை. ஆரணியின் மற்றொரு தொழிலான அரிசி ஆலைகளுக்கு வரும் நெல்லும் அங்கிருந்து செல்லும் அரிசியுமே லாரியைச் சோதிப்பவை. நகரைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் சமவெளி. போளூர் வழியாகச் சவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்குச் செல்லும் சாலையோ மலையில் வளைந்து ஏறுவது. சமவெளியில் குறையொன்றும் தெரியாத பொறி, இத்தகைய சாலையில் பாரத்துடன் ஏறும்போதுதான் தன் உண்மை நிலையைக் காட்டும்.

எடுத்துக்காட்டாக, பாரத்துடன் சேர்த்து 12 டன் எடையுள்ள லாரி ஒன்று, 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் ஏறுவதாகக் கொள்வோம். அதனைப் பின்னோக்கி இழுக்கும் புவியீர்ப்புக் கூறு ஏறத்தாழ 7,850 நியூட்டன் ஆகும். டயர்களின் உருளல் தடையையும் சேர்த்தால் மொத்த எதிர்விசை 9,000 நியூட்டனை எட்டும். சக்கரத்தின் ஆரம் அரை மீட்டர் எனில், பின் அச்சில் 4,500 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தேவை. பொறி தருவது 300 நியூட்டன்-மீட்டர் மட்டுமே. ஆகவே பல்சக்கர இழப்புகளையும் கணக்கிட்டால் கியர்ப்பெட்டியும் பின் அச்சும் சேர்ந்து அதனை ஏறத்தாழ 17 மடங்காக்க வேண்டும். பின் அச்சின் விகிதம் 6 என்றால் கியர்ப்பெட்டியின் பங்கு 2.8 மடங்கு ஆகும்.

இப்போது சாலை மேலும் சற்றுச் செங்குத்தாகிறது. பொறியின் வேகம் 2,000 சுற்றுகளிலிருந்து இறங்கத் தொடங்குகிறது. வேகம் குறையக் குறைய முறுக்குவிசை கூடும் பொறியாயின், ஓரிடத்தில் அது எதிர்விசைக்கு ஈடு கொடுத்து, மெதுவாகவேனும் ஏறிச் செல்லும். வேகத்துடன் முறுக்குவிசையும் சரியும் பொறியாயின், ஓட்டுநர் உடனே கியரைக் குறைத்தாக வேண்டும். பழைய லாரிகள் பலவற்றில் ஒத்தியக்கக் கியர் அமைப்பு கிடையாது. இருமுறை கிளட்சை மிதித்து, பொறியின் வேகத்தைக் காதால் கேட்டுப் பொருத்தினால்தான் கியர் விழும். அது விழாமல் போனால் பாரம் ஏற்றிய வண்டி கியரின்றிச் சரிவில் நிற்கும். அதன்பின் அதனைத் தாங்குவது பிரேக் மட்டுமே. முறுக்குவிசை வளைகோட்டின் வடிவம் ஓட்டுநரின் பாதுகாப்பைத் தொடுவது இவ்விடத்தில்தான்.

வீச்சு நீளம் பற்றிய கருத்து

பிஸ்டனின் வீச்சு நீளமாக இருந்தால் இழுவை கூடும் என்பது பரவலாகக் கூறப்படும் கருத்து. இது பாதி உண்மையே. கிராங்கின் கை நீள்வது மெய்தான். ஆனால் கொள்ளளவை மாற்றாமல் வீச்சை நீட்டினால் பிஸ்டனின் பரப்பு சுருங்கி, அதன்மீது விழும் விசையும் குறைந்துவிடும். நான்கு வீச்சுப் பொறியின் முறுக்குவிசையைத் தீர்மானிப்பவை இரண்டே: மொத்தக் கொள்ளளவு, உருளைகளுக்குள் கிடைக்கும் சராசரிப் பயனுறு அழுத்தம். இவ்விரண்டின் பெருக்கத்தை 4π ஆல் வகுத்தால் முறுக்குவிசை கிடைக்கும். 5.675 லிட்டர் பொறியில் இவ்வழுத்தம் 7 பார் எனில், முறுக்குவிசை ஏறத்தாழ 316 நியூட்டன்-மீட்டர் ஆகும்.

இந்தியச் சாலைகளில் ஓடிய பொறிகளே இதற்குச் சான்று. செவர்லே லாரிகளின் 216 கன அங்குலப் பெட்ரோல் பொறிக்கும், இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் உருவான பெர்க்கின்ஸ் பி6 டீசல் பொறிக்கும் உருளையின் விட்டம் ஒன்றே: 88.9 மில்லிமீட்டர். வீச்சு மட்டும் முன்னதில் 95.25, பின்னதில் 127 மில்லிமீட்டர். இதனால் கொள்ளளவு 3.5 லிட்டரிலிருந்து 4.73 லிட்டராகக் கூடியது. இங்கே நீண்ட வீச்சு பயன் தந்தது கொள்ளளவைக் கூட்டியதால்தான்.

மறுபுறம், மெர்சிடீஸ்-பென்ஸ் வழிவந்த டாட்டா 697 பொறியையும் கம்மின்ஸ் 6பிடி பொறியையும் ஒப்பிடலாம். 697 என்ற பெயரே ஆறு உருளைகள், 97 மில்லிமீட்டர் விட்டம் என்பதைச் சொல்லிவிடும். அதன் வீச்சு 128 மில்லிமீட்டர், கொள்ளளவு 5.675 லிட்டர். கம்மின்ஸ் பொறியின் விட்டம் 102, வீச்சு 120 மில்லிமீட்டர், கொள்ளளவு 5.883 லிட்டர். வீச்சு குறைவாக இருந்தும் கம்மின்ஸ் பொறி பழைய 697 பொறியைவிட மிகுதியான முறுக்குவிசை தருவதற்குக் காரணம் டர்போ ஊட்டி ஆகும். இயல்பாகக் காற்றிழுக்கும் டீசல் பொறியில் பயனுறு அழுத்தம் 7 அல்லது 8 பார் அளவில் நின்றுவிட, டர்போ பொருத்திய பொறிகளில் அது இருமடங்கையும் தாண்டும்.

பழைய பொறியைக் கட்டுதல்

தாழ்வேக இழுவை வேண்டுவோர் முதலில் கவனிக்க வேண்டியது அழுத்தக் கசிவு. பொறி மெதுவாகச் சுழலும்போது, அழுத்தப்பட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் வழியே தப்பிச் செல்ல நேரம் மிகுதி. ஆகவே லைனரும் வளையங்களும் தேய்ந்த பொறி முதலில் இழப்பது இந்த இழுவையைத்தான். லைனரை மாற்றுவதோ, போர் போட்டு அளவு கூடிய பிஸ்டன் பொருத்துவதோ, வால்வு இருக்கைகளை அரைத்துச் சேர்ப்பதோ புதிதாக எதையும் கூட்டுவதில்லை, இழந்ததை மீட்கின்றன. தலைப்பகுதியின் கேஸ்கட் தடிமனாகிவிட்டால் அழுத்த விகிதம் இறங்கும் என்பதால் பிஸ்டன் மேலெழும் அளவையும் சரிபார்த்தல் வேண்டும்.

அடுத்தது உள்ளிழு வால்வு மூடும் நேரம். பிஸ்டன் கீழ்நிலையைக் கடந்து மேலெழத் தொடங்கிய பின்னரே இவ்வால்வு மூடுகிறது. உயர்வேகத்தில் இத்தாமதம் நன்மை தரும். விரைந்து வரும் காற்று தன் உந்தத்தால் தொடர்ந்து உள்ளே நுழையும். தாழ்வேகத்தில் அவ்வுந்தம் இல்லாததால் உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். ஆகவே லாரிப் பொறியின் கேம் தண்டு, வால்வை முன்னதாக மூடுமாறு அமைக்கப்படுகிறது. பந்தயப் பொறிகளுக்குரிய கேம் லாரிக்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம். டைமிங் பல்சக்கரத்தில் ஒரு பல் பிசகினாலும் இக்கணக்கு முழுவதும் மாறிவிடும்.

மூன்றாவது, டீசல் பம்ப். இதன் உலக்கைகள் தேய்ந்தால், மெதுவாகச் சுழலும்போதே கசிவு அதிகம். எனவே உயர்வேகத்தில் சரியான அளவும் தாழ்வேகத்தில் குறைந்த அளவும் டீசல் செல்லும். ஓட்டுநர் உணர்வது, சமவெளியில் நன்கு ஓடி மேட்டில் திணறும் வண்டியை. இதற்குத் தீர்வு உலக்கைகளை மாற்றி, பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, ஒவ்வொரு வேகத்திற்கும் உரிய அளவை அமைப்பதாகும். நடைமுறையிலோ அளவுத் திருகை மட்டும் கூட்டி டீசலை ஏற்றிவிடுவது உண்டு. காற்றின் அளவு மாறாததால் கூடுதல் டீசல் முழுமையாக எரியாது. கரும்புகை வரும், வெளியேறும் வாயுவின் வெப்பம் உயரும், பிஸ்டன் தலையும் உருளைத் தலையும் வெடிக்கக்கூடும். மலையில் இது இன்னும் கடுமையாகும். சவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூர் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. சமவெளியில் புகையின் விளிம்பில் வைத்த பம்ப், மலையில் விளிம்பைத் தாண்டிவிடும்.

கனமான பிளைவீல் இழுவையைக் கூட்டும் என்பதும் சரியன்று. அது ஆற்றலைச் சேமித்து, வண்டி கிளம்பும்போது பொறி அணைந்துவிடாமல் காக்கிறது. நீண்ட ஏற்றத்தில் அச்சேமிப்பு சில நொடிகளில் தீர்ந்துவிடும்.

பழைய பொறியில் டர்போ ஊட்டியைச் சேர்ப்பதும் நடைபெறுகிறது. சிறிய டர்போ குறைந்த வேகத்திலேயே அழுத்தம் தரும் என்பதால் லாரிக்கு அதுவே ஏற்றது. ஆனால் பிஸ்டனுக்கு அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் அமைப்பு இல்லாத பொறியில் இது அதன் ஆயுளைக் குறைக்கும்.

தமிழகத்தில்

1948 இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு 1955 இல் பெயர் மாறிய அசோக் லேலண்ட், எண்ணூரில் லேலண்ட் கோமெட் லாரிகளைத் தயாரித்தது. அதன் 400 வரிசைப் பொறி 6.5 லிட்டர் கொள்ளளவும் 120.65 மில்லிமீட்டர் வீச்சும் கொண்டது. பின்னர் ஜப்பானின் ஹினோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் வந்த பொறி 5.759 லிட்டராகச் சுருங்கியது. வீச்சும் 113 மில்லிமீட்டரானது. சென்னையின் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி6 பொறியை உரிமம் பெற்றுத் தயாரித்தது. டாட்ஜ், பார்கோ லாரிகளில் இடம்பெற்ற இப்பொறி, பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்றவும் பயன்பட்டது.

எல்லை

எவ்வளவு நன்றாகக் கட்டிய பொறியாயினும், 1,000 சுற்றுகளுக்குக் கீழே முழுப் பாரத்தில் இழுக்கவிடுதல் தீங்கானது. அந்நிலையில் எண்ணெய்ப் பம்பும் நீர்ப் பம்பும் விசிறியும் மெதுவாகச் சுழல, உருளைக்குள் அழுத்தமோ உச்சத்தில் இருக்கும். தாங்கிகளில் எண்ணெய்ப் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். பொறி குமுறத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்தல் வேண்டும்.