உணவைக் குறைக்கும்போது உடல் செய்வது என்ன?

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான எமது கரையோர ஊர்களில் உடல் எடையைக் குறைக்க முயல்வோர் இன்று பலர். திருமணத்திற்கு நாள் குறித்த பின்னர் சோற்றை முற்றாகக் கைவிடும் யுவதிகளும், வைத்தியரின் எச்சரிக்கையைக் கேட்டு இராச்சாப்பாட்டை நிறுத்திக்கொள்ளும் குடும்பத் தலைவர்களும் இவர்களுள் அடங்குவர். முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ குறைகிறது. ஓரிரு மாதங்கள் கழிந்ததும் தராசின் முள் அசைய மறுக்கிறது. பின்னர் மெல்ல மேலேறுகிறது. மனவுறுதி போதாது என வீட்டார் பழிக்கின்றனர். இப்பழி பெரும்பாலும் நியாயமற்றது என்பதே எமது கருத்தாகும்.

முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் கொழுப்பன்று. எமது ஈரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் எனும் மாச்சத்து சுமார் 500 கிராம் சேமிக்கப்பட்டுள்ளது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவு குறைந்ததும் உடல் இச்சேமிப்பில் கைவைக்க, நீரும் உடன் வெளியேறுகிறது. ஆனால் ஒரு கிலோ உடற்கொழுப்பிலோ சுமார் 7,700 கலோரி அடங்கியுள்ளது. நாளொன்றுக்கு 500 கலோரியைக் குறைப்பவருக்கு அதனை எரிக்கப் பதினைந்து நாட்களாவது செல்லும். 'ஏழு நாட்களில் ஏழு கிலோ' என விளம்பரம் செய்வோரிடம் இக்கணக்கைக் கேட்டுப் பார்க்கலாம்.

உணவு குறையும் நிலை நீடிக்கும்போது உடல் அதனைப் பஞ்சம் என்றே கருதிச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944 - 45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆராய்ந்தார். மனச்சாட்சியின் பேரில் போர்க்களம் செல்ல மறுத்துத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். ஆறு மாதங்களுக்கு வழமையில் பாதியளவு உணவே அவர்களுக்கு வழங்கப்பட்டது. எடையில் நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஓய்வுநிலையில் உடல் எரிக்கும் சக்தியோ சுமார் 40 வீதம் வீழ்ந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது; கோடையிலும் குளிர்ந்தது; எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே மேலோங்கியது. மீண்டும் உண்ணத் தொடங்கியபோது இழந்த தசை திரும்புமுன் கொழுப்பே திரும்பியது என்பது குறிப்பிடத்தக்கது. பட்டினி கிடந்து மெலிந்தவர் முன்னரிலும் பருமனாவதற்கான விளக்கம் இதில் உண்டு.

பசியும் ஓமோன்களின் ஆளுகைக்கு உட்பட்டதே. கொழுப்பு குறையும்போது, வயிறு நிறைந்ததென மூளைக்கு உணர்த்தும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. 2011இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டினால் எடை குறைந்தவர்களிடம் ஓராண்டு கழிந்தும் இம்மாற்றம் நீங்கியிருக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமளவு எடையை இழந்த 14 பேரை ஆறு ஆண்டுகளின் பின் பரிசோதித்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, அவர்களது உடல் எதிர்பார்த்ததிலும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்ததைக் காட்டியது.

றமழானிலும் இதையொத்த நிலையை நாம் காணலாம். பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் நோன்பிருந்தும் மாத முடிவில் குறையும் எடை சராசரியாக ஒரு கிலோவைச் சுற்றியதே என்றும், அதுவும் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது என்றும் பல நாடுகளின் ஆய்வுகள் கூறுகின்றன. கஞ்சியோடு சம்சா, கட்லட், பலூடா என நீளும் எமது இப்தார் விரிப்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. நோன்பு இறைவனுக்கான வணக்கம். அதனை எடைக்குறைப்புத் திட்டமாக எண்ணுவது பொருந்தாது.

ஆகவே குறைப்பு சிறிதாக, நீண்டகாலம் தாங்கக்கூடியதாக அமைய வேண்டும். இரண்டு தேக்கரண்டி சீனியிட்ட பிளேன்டீயை நாளொன்றுக்கு ஐந்து தடவை அருந்துபவர் சீனியை விட்டாலே 150 கலோரிக்கு மேல் மிஞ்சும். சோற்றைப் பாதியாக்குவோர் மீனைப் பாதியாக்கலாகாது. தசையைக் காப்பது புரதமும் உடலுழைப்புமே. எமது கடலின் சூடையும் கீரியும் அதற்குப் போதும். விலை கூடிய புரதமா வேண்டியதில்லை. பெண்கள் அச்சமின்றி நடப்பதற்கான இடவசதியை எமது ஊர்கள் இன்னும் செய்துகொடுக்க வேண்டியுள்ளது.

நீரிழிவு நோயாளருக்கு இவ்விடயம் உயிரோடு தொடர்புடையது. 2005 - 06இல் நடைபெற்ற தேசிய ஆய்வு நாட்டின் வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளதைக் கண்டது. போர்ச்சூழலால் வடக்கும் கிழக்கும் அதில் உள்ளடங்கவில்லை. இன்சுலினோ, கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளோ பாவிப்பவர் தாமாகவே ஒரு நேர உணவை விட்டால் குருதியில் சீனி திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் அதன் முன்னறிகுறிகள். நோன்பு வேளையில் சீனியின் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கினால் உடனே நோன்பை முறித்து இனிப்பு எடுக்க வேண்டும் என்பதே வைத்தியர்களின் அறிவுறுத்தல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது பற்றி நோன்பு தொடங்குவதற்கு ஒரு மாதமேனும் முன்னதாகக் கிளினிக்கில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.