சேலம் ஜில்லாவும் காங்கிரஸ் மகாசபையும்

தேர்தல் அணுகுந்தோறும் நம் சங்கத்துப் பெரியோரிடையே ஒரு வினா தவறாது எழக் காண்கின்றோம். இம்முறை எக்கட்சி நம்மவருக்கு எத்தனை இடம் ஒதுக்கும் என்பதே அது. இவ்வினாவை எழுப்புவோரை நாம் பழிக்கவில்லை. ஆயினும், ஒருகாலத்தில் இம்மாகாணத்தையே ஆண்ட பெருங்கட்சியொன்று, இன்று அதே வினாவைப் பிறர் வாயிலில் நின்று கேட்கும் நிலையை எய்தியிருக்கின்றது. அஃது எவ்வாறு நேர்ந்ததென்று அறிதல் நமக்கு நலம் பயக்குமெனக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம். அக்கட்சி காங்கிரஸ் மகாசபையின் தமிழ்நாட்டுக் கிளை. அதன் ஏற்றத்திலும் இறக்கத்திலும், நம் எருமப்பட்டியைத் தன்னகத்துக் கொண்டிருந்த பழைய சேலம் ஜில்லாவுக்குப் பெரும் பங்குண்டு.

1920-ஆம் ஆண்டு நாகபுரியிற் கூடிய மகாசபை, மொழிவழியே தன் மாகாணக் கமிட்டிகளை வகுத்துக்கொண்டது. சென்னை இராஜதானி ஒன்றாயிருந்த காலத்திலேயே, தமிழ்நாட்டுக்கெனத் தனிக் கமிட்டி அமைந்தது இவ்வாறுதான். கிளை முன்னே பிறந்தது. மாநிலம் பின்னே பிறந்தது என்க. அவ்வாண்டு நிகழ்ந்த சட்டசபைத் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தமையால், நீதிக்கட்சியார் எளிதில் பதவி பெற்றனர். அக்காலத்து வாக்குரிமை தீர்வையும் வரியும் செலுத்துவோர்க்கே உரியதாயிருந்தது. சென்னைச் சட்டசபை 1921-இல் பெண்டிர்க்கும் அவ்வுரிமையை நல்கிற்றெனினும், அதனைப் பெற்றோர் சொத்துடைய சிலரே. நம் முன்னோருள் கலப்பை பிடித்தவர் பலர். வாக்குச் சீட்டைக் கண்டவர் அரியர்.

1926-ஆம் ஆண்டுத் தேர்தலில், காங்கிரஸின் அங்கமாகிய சுயராஜ்யக் கட்சி, தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 41 வென்று முதலிடம் பெற்றது. ஆயினும் மந்திரி பதவி ஏற்பதில்லை என்ற விரதத்தால் அது விலகி நின்றது. அவ்வெற்றிடத்தைச் சுயேச்சையாக நின்று நிரப்பியவர் நம் ஜில்லாவின் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் ஆவார். 1930 வரை அவர் முதன்மந்திரியாயிருந்தார். 1933-இல் அவரே காங்கிரஸிற் சேர்ந்தார். 1937-இல் காங்கிரஸ் மந்திரி சபையில் சட்டம், கல்வி ஆகிய இலாகாக்களை ஏற்றார். வெளியே நின்ற பெருநிலக்கிழாரை உள்ளே அழைத்துக்கொள்ளும் வழக்கம் இக்கட்சிக்கு அன்றே உண்டாயிற்று.

ஆனால் கட்சிக்கு வேர் விட்டது ஜமீன் மாளிகையில் அன்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்திலே. அங்கு இராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்து, கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய தொண்டுகளை நடத்தினார். மதுவின் கேட்டை விளக்க 'விமோசனம்' என்னும் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. 'கல்கி' கிருஷ்ணமூர்த்தி அதற்குத் துணை நின்றார். 1930-இல் வேதாரணியத்திற்கு உப்பெடுக்கச் சென்ற தொண்டர்க்கு நடைப்பாட்டு யாத்தவரும் நம் மோகனூர்ப் பிறந்த இராமலிங்கம் பிள்ளையே. இவர்கள் வாக்குக் கேட்டு ஊர்தோறும் சென்றாரல்லர். சென்ற பின்னரே வாக்கு வந்தது.

1937-இல் அது வந்த வேகம் வியக்கத்தக்கது. சொத்தோடு எழுத்தறிவும் வாக்குரிமைக்குத் தகுதியாகச் சேர்ந்தமையால் வாக்காளர் தொகை பெருகியிருந்தது. மஞ்சட் பெட்டியே காங்கிரஸ் பெட்டியென்று எழுத்தறியாதாரும் அறிந்திருந்தனர். 215 இடங்களில் 159 அக்கட்சியைச் சேர்ந்தன. முதன்மந்திரியான இராஜாஜி அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், வேறெந்த ஜில்லாவினும் முன்னதாக, நம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைப் புகுத்தினார். மாலையில் கூலியோடு வீடு திரும்பும் கணவனைக் கண்ட தாய்மார்க்கு அதன் பயனை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கள்ளிறக்கிப் பிழைத்த குடும்பங்கள் தொழிலிழந்து வாடியதும் உண்மையே. அதனை மறைத்தல் வரலாறாகாது. இழந்த கலால் வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. அவ்வாண்டு இறுதியில், யுத்தத்தில் இந்தியாவைக் கேளாது இழுத்தமைக்காக மந்திரி சபை பதவி துறந்தது.

வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கிட்டியபின் நிகழ்ந்த 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் 375-இல் 152 இடங்களே பெற்றது. பெரும்பான்மையில்லாத அந்நிலையில், தேர்தலில் நில்லாத இராஜாஜி மேலவைக்கு நியமனம் பெற்று முதலமைச்சரானார். 1937-இலும் அவர் பல்கலைக்கழகத் தொகுதியின் வழியே வந்தவர் என்பதை இங்கு நினைவு கூர்கின்றோம். 1953-இல் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் தந்தையின் தொழிலிலும் பயில வேண்டுமென்றது. உழவன் மகன் உழவனாகவும் வண்ணான் மகன் வண்ணானாகவும் நிற்றற்கே இது வழியென்று நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. ஆசிரியத் தொழில் புரியும் நாம் அதனைச் சிறு பிழையென்று கருத ஒருப்படோம். நம் பிள்ளைகள் இன்று பெற்றிருக்கும் உத்தியோகங்களை எண்ணிப் பார்ப்பார்க்கு அது விளங்கும். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார், பள்ளிகளைப் பெருக்கினார், மதிய உணவு அளித்தார். 1957-இல் 205-க்கு 151, 1962-இல் 206-க்கு 139 என மக்கள் மறுமொழி கூறினர்.

அக்கட்சியை 1967 வீழ்த்தியது. அரிசிப் பஞ்சமும், 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்பை அடக்கிய முறையும் காரணங்கள். 234-இல் அதற்குக் கிட்டியவை 51 இடங்களே. விருதுநகரில் காமராசரே தோற்றார். ஆயினும் நூற்றுக்கு 41 பேர் காங்கிரஸுக்கே வாக்களித்திருந்தனர் என்பதைப் பலர் மறந்தனர். எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்தமையே இடங்களைக் குறைத்தது. அவ்வாறு சேர்த்தவருள் ஒருவர், சுதந்திரக் கட்சி கண்ட நம் இராஜாஜி!

வாக்கு இருந்தது, பொறுமை இல்லை. 1969-இல் கட்சி பிளவுண்டது. 1971-இல் இந்திரா காந்தியின் பிரிவு சட்டமன்றத்தில் ஓரிடத்திலும் நில்லாது அவற்றைத் தி.மு.க.வுக்கு விட்டு, மக்களவைக்கு ஒன்பது இடம் பெற்று ஒன்பதையும் வென்றது. நம் எண்ணத்தில், 1967-ஆம் ஆண்டுத் தோல்வியினும் இவ்வெற்றியே கிளைக்குப் பெருங்கேடு. வேட்பாளரில்லாத ஊரில் கமிட்டி எதற்கு? அவ்வாண்டு சுதந்திரக் கட்சியோடு கூடி நின்ற காமராசரின் பழைய காங்கிரஸ் 15 இடங்களே பெற்றதெனினும், வாக்கில் நூற்றுக்கு முப்பத்தைந்தளவு பெற்றது. 1989-இல் மூப்பனார் தலைமையிற் பெருங்கட்சிகளின் துணையின்றி நின்றபோது 26 இடங்களும் ஏறத்தாழ 20 விழுக்காடும் கிட்டின. 1996-இல் தில்லித் தலைமை செய்த கூட்டணியை வெறுத்து மூப்பனார் பிரிந்தார். அவரது தமிழ் மாநில காங்கிரஸ் 39 இடம் வெல்ல, தாய்க்கட்சி ஓரிடமும் பெறவில்லை.

குமாரமங்கலத்துக் குடும்பமும் இம்மாறுதல்களைத் தன்னுள் காட்டிற்று. சுப்பராயனாரின் மைந்தர் மோகன் பொதுவுடைமைக் கட்சியினின்று காங்கிரஸுக்கு வந்து மத்திய அமைச்சரானார்; மகளார் பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியிலேயே நிலைத்தார். பெயரர் ரங்கராஜன் 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் சேலத்தில் காங்கிரஸ் சார்பில் வென்று, பின்னர்ப் பாரதிய ஜனதாவில் அமைச்சரானார்.

2021-இல் கூட்டணி தந்த 25 இடங்களில் 18-உம், 2024-இல் மக்களவைக்குத் தந்த ஒன்பதில் ஒன்பதும் காங்கிரஸ் வென்றது. நம் நாமக்கல் மக்களவைத் தொகுதி 2019, 2024 ஆகிய இருமுறையும் அக்கூட்டணியில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு ஒதுக்கப்பட்டது. அக்கட்சியாரும் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று வென்றனர். மஞ்சட் பெட்டிக்கு வாக்களித்தோரின் கொள்ளுப்பெயரர் அவ்விரு தேர்தல்களிலும் கைச் சின்னத்தைத் தம் வாக்கு இயந்திரத்திற் கண்டிலர்.