சுவரில் படம் சரியா வராத சரித்திரம்

ஒயரைச் சொருகியாச்சு. லேப்டாப்பில் படம் பளிச்சுன்னு இருக்கு, பக்கத்து மானிட்டரில் ஒண்ணுமே இல்லை. இல்லைன்னா வருது, ஆனா கோணலா, மங்கலா வருது. லினக்ஸ் வச்சிருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்த காட்சி. இதுக்குக்கூட ஒரு சரித்திரமா என்று கேட்டால், இருக்கு. நாற்பது வருஷ சரித்திரம். அதில் ஒரு பங்கு நம்ம ஊர்ப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்தது. நான் படிச்சது பி.காம்., பிழைப்பு வங்கியில். கணக்குப் பார்க்கிறவன் பார்வையில்தான் சொல்லப் போறேன். பொட்டி தட்டுகிற நண்பர்கள் பொறுத்துக்கணும் :-)

ஆரம்பம் 1984, அமெரிக்காவில் எம்.ஐ.டி. திரையில் ஜன்னல் ஜன்னலாகக் காட்டுகிற 'எக்ஸ்' என்ற மென்பொருளை அங்கேதான் எழுதினாங்க. அதன் பதினோராவது வடிவம் 1987ல் வந்தது. லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் ரொம்ப காலம் நின்றது அந்த அஸ்திவாரத்தின் மேல்தான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மேஜையில் ஆணி அடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரு பொட்டி, ஒரு திரை. நடுவில் இன்னொரு திரை வந்து ஒட்டிக்கும், பத்து நிமிஷத்தில் கழன்று போகும் என்கிற யோசனையே அப்போ கிடையாது. தொண்ணூறுகளில் 'எக்ஸ்ஃப்ரீ86' என்ற பெயரில் அது சாதாரண பி.சி.க்கு வந்தபோது, மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் தாங்கும் என்று ஒரு கோப்பில் நாமே எழுதணும். பழைய குண்டு மானிட்டர்களில் தப்பான எண்ணைக் கொடுத்தால் மானிட்டரே போய்ச் சேரலாம் என்று எச்சரிக்கை வேற.

இந்த நிலைமையில்தான் கேரளம் லினக்ஸைக் கையில் எடுத்தது. 2001 ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்திருந்தார், இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அங்கே தொடங்கியது. அதே வருஷம்தான் பள்ளிகளுக்கான 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமும். ஆனா பள்ளிகள் முதலில் போனது விண்டோஸ் பக்கம். ஒரு கம்பெனியின் சரக்கை அரசுப் பாடமாக வைக்கலாமா என்று ஆசிரியர் சங்கத்தில் எதிர்ப்புக் கிளம்பி, படிப்படியா லினக்ஸுக்கு மாறினாங்க. ஊருக்கு ஊர் வாசகசாலை, அறிவொளி இயக்கம் என்று பழகின இடம். "இதை யார் எழுதினான், எனக்குத் திறந்து காட்டுவானா" என்று அங்கே ஒரு வாத்தியார் கேட்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்போ பள்ளியில் இருந்தது மேஜைக் கம்ப்யூட்டர்கள். திரையைக் கழட்டி மாட்டுகிற வேலை இல்லாததால் பிரச்சினை தெரியவே இல்லை. நடுவில் வெளியுலகத்தில் மூணு விஷயம் நடந்தது. 2004ல் லைசென்ஸ் தகராறில் எக்ஸ்ஃப்ரீ86ஐ விட்டுவிட்டு எல்லாரும் எக்ஸ்.ஆர்க் பக்கம் வந்தாங்க. 2007ல் கீத் பேக்கர்டும் மற்றவர்களும் செய்த 'ரேண்டர் 1.2' வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு திரையைச் சேர்க்க, பக்கத்தில் வைக்க, பிரிக்க அதுதான் ஒழுங்கான வழி. எக்ஸ்-ரேண்டர் என்று கட்டளை அடிக்கிறோமே, அதேதான். 2009ல் திரையை அமைக்கிற வேலையே கெர்னலுக்குள் போனது.

2018ல் கேரளத்தில் ஹைடெக் பள்ளித் திட்டம் வந்தது. 'ஐடி அட் ஸ்கூல்' அதற்குள் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியிருந்தது. 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும், எல்லாம் லினக்ஸில். இத்தனை வாத்தியார்கள் ஒரே நேரத்தில் வெளித்திரையைச் சொருகினது இந்தியாவில் வேற எங்கே நடந்திருக்கும்?

2019 டிசம்பர் லீவில் பொன்முடிக்குப் போனோம். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவு, மேலே தேயிலையும் மஞ்சும். என் மச்சினி அந்த மலையடிவாரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் டீச்சர். வழியில் அங்கே இறங்கினோம். ஹாலில் ஒரு பழைய ப்ரொஜெக்டர், கூரையைச் சுற்றி வருகிற நீள வி.ஜி.ஏ. ஒயர், 18.04 போட்ட லேப்டாப். படம் வந்தது, ஆனா சப்பையா, எழுத்தெல்லாம் கரைஞ்சு. நான் எழுந்திருக்கப் போனேன்.

"அத்தான், நீங்க டீயைக் குடிங்க. இவ சரி பண்ணிருவா" என்றாள் மச்சினி.

'இவ' என்றது ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு. 'லிட்டில் கைட்ஸ்' என்று பள்ளிகளில் ஒரு கணினிக் குழு உண்டு, அதில் இருக்கிறவள். அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தில், வீட்டில் தமிழ். கறுப்புத் திரையைத் திறந்து மூணு வரி அடிச்சாள், சுவர் தெளிஞ்சது. எப்படிம்மா என்றேன். "சாரே, ஒயரு சரியில்ல. ப்ரொஜெக்டரு தன் பேரைச் சொல்லல்ல. அதான் லேப்டாப்பு பயந்து சின்னதா காட்டுது" என்றாள்.

இதைவிட நல்லா யாரும் சொல்ல முடியாது. எங்க பாஷையில் சொன்னால், இது கே.ஒய்.சி. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் 128 பைட்டில் ஒரு அடையாளச் சீட்டு இருக்கு. கம்பெனி எது, என்ன அளவு, எத்தனை புள்ளி தாங்கும் என்று. 1994ல் வந்த வழக்கம் அது. வி.ஜி.ஏ. ஒயரில் 15 முள். 12வதும் 15வதும்தான் அந்தச் சீட்டைக் கொண்டு வருகிறவை. மலிவான ஒயரில் அந்த ரெண்டு கம்பியை மிச்சம் பிடிச்சிருப்பாங்க, இல்லை நடுவில் பிரிப்பான் போட்டதில் அறுந்து போயிருக்கும். சீட்டு வராத வாடிக்கையாளருக்குப் பெரிய கணக்கைத் திறப்போமா? 1024க்கு 768 என்று சிறுசேமிப்புக் கணக்கு கொடுத்து அனுப்பிடுவோம். அந்தப் பொண்ணு செய்தது, சரியான அளவைக் கணக்குப் போட்டு, புது அளவாகப் பதிஞ்சு, அந்தத் திரைக்கு ஒட்டினது. மேனேஜர் கையெழுத்து மாதிரி :-)

அந்த வருஷம் மே மாதம் லினக்ஸால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் தரப்பில் சொன்னாங்க. ரெண்டு லட்சம் கம்ப்யூட்டருக்கு, பொட்டிக்கு ஒன்றரை லட்சம் என்று கணக்கு. எல்லா மென்பொருளையும் முழு விலைக்கு வாங்கியிருந்தால் என்ற கணக்கு அது. வாங்கவே போகாத சரக்கை எந்த ஆடிட்டரும் லாபத்தில் எழுத விடமாட்டார். ஆனா அந்தப் பொண்ணு அடிச்ச மூணு வரியை எந்தக் கலத்தில் எழுதுவது? நம்ம தமிழ்நாட்டிலும் 2011ல் ஆரம்பிச்ச இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாடமும் பரீட்சையும் அதில் இருந்தால்தானே பிள்ளைங்க அதைத் திறக்கும்.

எல்லாப் பழியும் ஒயருக்கு இல்லை. 2010க்குப் பிறகு ரெண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்கள் வந்தன. பல மாடல்களில் எச்.டி.எம்.ஐ. துளை என்விடியா சிப்போடுதான் இணைஞ்சிருக்கும். அதன் டிரைவரோ பூட்டின பெட்டி. 2012ல் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் லினஸ் டார்வால்ட்ஸ் அந்தக் கம்பெனியைப் பார்த்து விரலைக் காட்டித் திட்டினது இந்த வயித்தெரிச்சலில்தான். ஏ.எம்.டி. 2007லேயே தன் விவரங்களைத் திறக்கத் தொடங்கியது. என்விடியா கெர்னல் பகுதியைத் திறக்க 2022 மே ஆச்சு.

எக்ஸ் காலமும் முடியுது. 2008ல் தொடங்கிய வேலண்ட் அந்த இடத்துக்கு வந்துட்டது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10ன் க்னோம் டெஸ்க்டாப்பில் எக்ஸில் நுழைகிற வழியே இல்லை. லேப்டாப்புக்கு ஒரு பெருக்கம், பெரிய மானிட்டருக்கு வேறு பெருக்கம் என்பது இதில்தான் ஒழுங்கா நடக்குது. ஆனா அந்த மூணு வரி வித்தை இங்கே செல்லாது. சீட்டு தராத மானிட்டர் என்றால் பூட் ஆகும்போதே கெர்னலுக்கு அளவைச் சொல்லணும்.

ஊரைவிட்டு வந்து ரெண்டு ரூம் ஃபிளாட்டில் இருக்கிற நாம், பிள்ளைகளுக்கு யாரோ கிளம்பும்போது விட்டுட்டுப் போன மானிட்டரைத்தான் மாட்டுவோம். அது மக்கர் பண்ணினால் சாஃப்ட்வேரைத் தொடும் முன்னே வேற ஒரு ஒயரைப் போட்டுப் பாருங்க. பழைய வி.ஜி.ஏ. ஒயர் என்றால் கழட்டி முள்ளை எண்ணுங்க. 9வது முள் இல்லாமல் சில ஒயர் வரும், பெரும்பாலும் அதனால் பிரச்சினை இல்லை. 12ம் 15ம் இருக்கான்னு மட்டும் பாருங்க.