காவிரிச் சமவெளியின் முதுமக்கள் தாழிகள்

இரும்புக்கால மக்கள் இறந்தோருக்குக் கல்வட்டம், கல்திட்டை, கற்பதுக்கை என நினைவிடங்கள் எழுப்பினர். பாறை மிகுந்த புதுக்கோட்டைப் பகுதியில் அவை இன்றும் கண்ணில் படுகின்றன. குடவாசல், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களில் தரை முழுக்க வண்டல். கல் கிடையாது, களிமண் உண்டு. ஆகவே இங்கே பெருந்தாழியில் எலும்பையும் படையல் கலங்களையும் இட்டுப் புதைக்கும் வழக்கமே இயல்பாகப் பொருந்தியது.

இலக்கியமும் இதற்குச் சான்று. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்று 228ஆம் பாடல், அவனுக்கேற்ற தாழி வனையக் குயவனால் இயலுமா என்று கேட்கிறது. மன்னனின் பெருமைக்குத் தாழியின் அளவு உவமையாகிறது என்றால், கேட்டோர் அனைவருக்கும் அவ்வழக்கம் பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். புகார் நகரச் சுடுகாட்டை விவரிக்கும் மணிமேகலை, எரித்தல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல் ஆகியவற்றோடு தாழியால் கவிப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. சங்கப் புலவர் கீரத்தனாரின் ஊரான குடவாயில் இன்றைய குடவாசலே; அந்த உலகத்துக்குள்தான் அதுவும் இருந்தது.

மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் தாழிகள் கிடைத்துள்ளன. 2006இல் அங்கே குறியீடுகள் கொண்ட புதிய கற்காலக் கைக்கோடரி ஒன்றும் வெளிப்பட்டது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைச் சிந்து எழுத்தாகப் படித்தார். அறிஞர் சிலர் அதை ஏற்கவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும், வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டியபோது அது கிடைத்தது என்பதே பாதுகாப்பு பற்றி நினைப்போர் கவனிக்க வேண்டியது.

தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரின் நிலை வேறு. 114 ஏக்கர் பரப்புள்ள அந்தச் சரளைப் பரம்பில் 1876இல் ஜாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும் தோண்டினர். உழவுக்கு உதவாத மேடு என்பதால் தாழிகள் தப்பின. இன்று அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. டெல்டாவிலோ மேடான திடல்கள் வயலாகவும் மனையாகவும் சமன் செய்யப்பட்டன.

1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம், பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். தமிழக அரசுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆனால் இவை அறிவிக்கப்பட்ட இடங்களையே காக்கும். மண்ணுக்கு மேல் அடையாளமே இல்லாத தாழிக்காட்டை யார் அறிவிப்பது? பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்கச் சொல்லும் 1878ஆம் ஆண்டுச் சட்டமும், உடைந்த தாழியை யாரும் புதையலாகக் கருதாதவரை பயன்படாது. குளம் தூர்வாரும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ தடித்த கறுப்பு சிவப்பு ஓடும் எலும்பும் தென்பட்டால், பொக்லைனை நிறுத்திவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள்.