கொதிகலன் உலைகளில் தீமூட்டல்: பொறியும் சுவாலைச் சான்றும்

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, திருவெறும்பூரில், செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும், அதற்கு உறுப்புகள் செய்துதரும் துவாக்குடி, மாத்தூர்ப் பட்டறைகளும் இருப்பதால், இவ்வட்டாரத்து வெல்டிங் தொழிலாளர் பலருக்கு பர்னர் கைபழகிய பொருளே. ஆயினும் தீமூட்டும் முறையைச் சீர்திருத்துவது என்றவுடன் பொறியின் வலிமையைப் பெருக்குவதையே பலரும் கருதுகின்றனர். தீ பற்றியதா என்பதை ஐயமற அறியும் ஏற்பாடே அதனினும் முதன்மையானது என்பது என் துணிபு.

தூத்துக்குடி, மேட்டூர் அனல்மின் நிலையங்களின் 210 மெகாவாட் அலகுகளில் உலையின் நான்கு மூலைகளிலிருந்தும் நிலக்கரித்தூள் செலுத்தப்படுகிறது. அத்தூளுக்கு முன்னர் பற்றவேண்டியது, ஆயில் கன் வழியே வரும் உலை எண்ணெய். ஏறத்தாழ 120 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கப்பட்டு, நீராவியால் நுண்துளிகளாகச் சிதறும் அவ்வெண்ணெய்த் தூவலுக்குள் இக்னைட்டர் தண்டு நீண்டு, மின்தேக்கியில் சேர்ந்த சக்தியைக் கணப்பொழுதில் பொறியாக வெளியிடுகிறது. நுனியில் கரியும் எண்ணெயும் படிந்தாலும் தெறிக்கவல்ல பொறி அது. அத்தகைய பொறி இருந்தும் தீ பற்றாதாயின், நீண்ட குழாயில் எண்ணெய் ஆறித் துளி பருத்ததா, கன்னின் முனைத் துளை கரியால் அடைபட்டதா, தண்டின் நுனி தூவலின் விளிம்பை எட்டாமல் நின்றுவிட்டதா, காற்று மிகுந்து சுவாலையைப் பெயர்த்ததா என்று ஆராய்வதே நியாயம். மேலும் வலிய பொறியை வாங்குவது இவற்றுள் ஒன்றுக்கும் பரிகாரமாகாது.

ஈர விறகு புகைந்துகொண்டே இருந்து திடீரெனக் குப்பென்று பற்றி முகத்தில் அடிப்பதை அடுப்பூதிய எவரும் அறிவர். எரியாத எண்ணெய் ஆவி உலையில் திரண்டு பின்னர் பற்றும்போது நிகழும் வெடிப்பும் அதே இயல்பினது, அழிவில் மட்டும் அளவிறந்தது. ஆகவேதான் மூட்டுவதற்கு முன்னர், முழுக் காற்றோட்டத்தில் கால்பங்குக்குக் குறையாத காற்றை ஐந்து நிமிஷமேனும் செலுத்தி உலையைப் பர்ஜ் செய்யவேண்டுமென்றும், எரிபொருளால் எரியும் இக்னைட்டராயின் அதன் தீ பத்து விநாடிக்குள் நிலைபெறாவிடில் அதற்குரிய எரிபொருள் வால்வு மூடவேண்டுமென்றும் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 85ஆம் விதித்தொகுப்பு கூறுகிறது. வெப்பவலு குறைந்த மூன்றாம் வகை இக்னைட்டரை முயற்சிக் காலம் முடிந்தவுடன் அணைத்துவிடவேண்டும் என்னும் அதன் விதி என் கருத்துக்கு மிகவும் அரண் செய்கிறது: பொறியின் ஆதரவு நீங்கிய பின்னும் தானே நிற்கும் தீயையே அவ்விதி தீயென ஏற்கிறது.

அந்தத் தீயைக் காணும் கண் ஸ்கேனர். புற ஊதாக்கதிரை உணரும் கருவி எண்ணெய்க்கும் வாயுவுக்கும் ஏற்றதாயினும், நிலக்கரித்தூளும் புகையும் அக்கதிரை விழுங்கிவிடுவதால், நிலக்கரிச் சுவாலைக்கு அதன் ஒளித்துடிப்பை அளக்கும் கருவியே உகந்தது. அதுவும் எதிர்மூலைத் தீயைக் கண்டு தன் பர்னரே எரிவதாகச் சாட்சி சொல்லக்கூடும். நோக்குக்குழாயின் கோணம், வில்லையில் படியும் சாம்பல், குளிர்விக்கும் காற்று ஆகியவை அற்ப விஷயங்கள் அல்ல.

பகலில் சூரிய மின்சாரம் பெருகுவதால், அனல் அலகுகள் முழுத்திறனில் 55 விழுக்காட்டுக்கும், பின்னர் 40 விழுக்காட்டுக்கும் தாழ்ந்து இயங்கவேண்டுமென மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதித்திருக்கிறது. தாழ்ந்த சுமையில் சுவாலை தள்ளாடும். அதைத் தாங்குவதற்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய்ச் செலவைத் தவிர்க்க, நிலக்கரித்தூளை நேரே மூட்டும் பிளாஸ்மா முறையை நாடுவோரின் ஆவல் மதிக்கத்தக்கதே. ஆனால் சாம்பல் மிகுந்த நமது நிலக்கரியில் அச்சுவாலை எப்பொழுது அணைகிறது என்று உடனே சொல்லும் ஸ்கேனர் இல்லாமல் அதை நிறுவுவது அபாயம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலோ ஏறத்தாழப் பாதி நீர். அதை உலர்த்தும் சூடான வாயு உலையிலிருந்தே அரவைக்கு வரவேண்டியிருப்பதால், குளிர்ந்த உலையை முதலில் எண்ணெயே சூடேற்றியாக வேண்டும். அங்கே புதுப்பித்தலுக்கு ஒதுக்கும் முதல் ரூபாய் எண்ணெய்ச் சுவாலையைத் தனித்தனியே காணும் ஸ்கேனர்களுக்கே செல்லவேண்டும். பிளாஸ்மா அதன் பின்னர் வரலாம்.