தாம்பரம் வட்டாரத்தில் இணையவழி நிதியின் வரலாறு

பணம் அனுப்புதல், சேமித்தல், கடன் பெறுதல் ஆகியவற்றை வங்கிக்கோ கடைக்கோ செல்லாமல் இணையத்தின் வழியே செய்துகொள்வது இணையவழி நிதி எனப்படுகிறது. சென்னையின் தெற்கே உள்ள தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் ஆகிய புறநகர்ப் பகுதிகளில் இது ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளில் வேரூன்றியது. மாதச் சம்பளக்காரர்களும் நாள்கூலிக்காரர்களும் அருகருகே வாழும் பகுதி என்பதால், அதன் நன்மை, தீமை இரண்டையும் இங்கே தெளிவாகக் காணலாம்.

முகம் தெரிந்த கடன்

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. 1984இல் இங்கு ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்று வாழும் குடும்பங்கள் பெருகின.

இக்குடும்பங்களின் மாதக் கடைசி நெருக்கடியைத் தீர்த்தவை மளிகைக் கடைக் கணக்கு நோட்டு, ஏலச் சீட்டு, அடகுக் கடை, தண்டல் ஆகியவையே. சந்தை வியாபாரிகளிடம் பரவலாக இருந்த தண்டல் முறையில், 10,000 ரூபாய் கடன் கேட்டவருக்கு 9,000 ரூபாயே கைக்கு வரும். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். முதல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் இதன் வட்டி 70 விழுக்காட்டைத் தாண்டும். வட்டி கடுமையானதுதான். ஆனால் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். ஜாமீன் நிற்பவரும் தெரிந்தே நின்றார்.

இத்தகைய நம்பிக்கை உடைந்த இடங்களில் சட்டம் வந்தது. சீட்டு நிதிகளுக்குத் தமிழ்நாடு 1961இல் சட்டம் இயற்றியது. 1982இல் நடுவண் அரசின் சட்டம் வந்தது. 1990களில் மிகை வட்டி தருவதாகக் கூறி வைப்புத்தொகை திரட்டிய நிதி நிறுவனங்கள் பல சரிந்தன. ஓய்வூதியப் பணத்தை அவற்றில் போட்டவர்கள் பலர் இழந்தனர். அதன் விளைவாக 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைப் பெயர் குறிப்பிட்டே தடை செய்யும் சட்டம் 2003இல் வந்தது.

இணையத்துக்கு வந்த வங்கி

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அதே ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் ரயில் முன்பதிவு இணையத்துக்கு வந்தது. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் ஆர்டிஜிஎஸ் 2004இலும், நெஃப்ட் 2005இலும், எந்நேரமும் உடனடியாக அனுப்பும் ஐஎம்பிஎஸ் 2010இலும் தொடங்கின. எனினும் இவை பெரும்பாலும் கணினியும் இணைய வங்கிக் கணக்கும் வைத்திருந்தவர்களுக்கே பயன்பட்டன.

சாதாரணப் பயணியின் கைக்கு இம்மாற்றம் வந்ததற்கு இவ்வட்டாரத்திலேயே ஓர் அடையாளம் உண்டு. 2015 ஏப்ரல் 22 அன்று, காகிதமில்லாத முன்பதிவற்ற பயணச்சீட்டுத் திட்டம் சென்னை எழும்பூர் - தாம்பரம் புறநகர்த் தடத்தில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. பயணி தன் கைப்பேசியில் உள்ள ரயில்வே பணப்பையில் முன்கூட்டியே பணம் நிரப்பி, அதிலிருந்து கட்டணம் செலுத்தலாம்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் இந்திய தேசியப் பணம்செலுத்தல் கழகம் யூபிஐ முறையை அறிமுகம் செய்தது. பணப்பையை நிரப்பத் தேவையில்லாமல், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகப் பணம் செல்வதே இதன் சிறப்பு. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதும் ரொக்கத் தட்டுப்பாடு மக்களை இப்பக்கம் தள்ளியது. மலிவான இணையமும் சேர்ந்துகொண்டது. நாடு முழுவதும் யூபிஐ பரிமாற்றங்கள் 2019 அக்டோபரில் முதன்முறையாக மாதத்துக்கு 100 கோடியையும், 2023 ஆகஸ்டில் 1,000 கோடியையும் தாண்டின.

அன்றாட வாழ்வில் மாற்றம்

பூக்கடை, இளநீர் வண்டி, ஆட்டோ என எங்கும் கியூஆர் அட்டை தொங்கத் தொடங்கியது. பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் சிறு பெட்டியும் கடைகளுக்கு வந்தது. சில்லறைத் தகராறு குறைந்தது. கட்டடப் பணிக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் பணம் அனுப்ப வங்கி வரிசையில் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் சொந்த வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது.

மறுபுறம், திறன்பேசி இல்லாத முதியோர் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. பரிசு விழுந்ததாகவும், காவல்துறை அதிகாரி பேசுவதாகவும் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடிகள் பெருகின. இவற்றைப் புகார் செய்ய 1930 என்ற தேசிய உதவி எண் செயல்படுகிறது. பணம் கைமாறிப் போகும் முன் நிறுத்தி வைக்க, உடனே அழைப்பது முக்கியமாகும்.

கடன் செயலிகள்

பெருந்தொற்றுக் காலத்தில் வருமானம் இழந்தவர்களிடம் கடன் செயலிகள் வேகமாகப் பரவின. பல செயலிகள் சில ஆயிரம் ரூபாயை ஏழு நாள் தவணையில் கொடுத்தன. 'செயல்முறைக் கட்டணம்' என்ற பெயரில் ஒரு பகுதியை முன்பே பிடித்துக்கொண்டன. இது தண்டலின் பழைய கணக்கேயாகும். புதியது பிணை. கடன் கேட்பவரின் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி எடுத்துக்கொண்டது. தவணை தவறினால் உறவினர், மேலதிகாரி, பிள்ளையின் ஆசிரியர் எனப் பலருக்கும் இழிவான செய்திகளும் திரிக்கப்பட்ட படங்களும் சென்றன. தெரிந்தே ஜாமீன் நின்ற ஒருவரின் இடத்தில், தெரியாமலேயே பிணையாக்கப்பட்ட நூற்றுக்கணக்கானோர் வந்தனர். இந்த அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டோர் பல மாநிலங்களிலும் உண்டு.

இந்திய ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021இல், இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை எனக் கண்டறிந்தது. 2022 செப்டம்பரில் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கடன் தொகை வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே செல்ல வேண்டும். முழுச் செலவும் முன்கூட்டியே எழுத்தில் தரப்பட வேண்டும். தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக்கூடாது. வலுக்கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய சட்டமுன்வடிவில் இணையவழிக் கடன் தளங்களும் அடங்கும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சீனாவில் தனிநபர்களுக்கிடையே கடன் ஏற்பாடு செய்த ஆயிரக்கணக்கான இணையத் தளங்கள் முளைத்து, பல மோசடிகளுக்குப் பின் 2020 இறுதிக்குள் முற்றிலும் மூடப்பட்டன.

மதிப்பீடு

பணம் செல்லும் வேகத்தை இணையம் மாற்றியது. ஆனால் மாதக் கடைசியில் அவசரத்துக்குக் கடன் தேடும் நிலையை அது மாற்றவில்லை. சீட்டு நிதி, நிதி நிறுவனம், கந்து வட்டி, கடன் செயலி ஆகிய நான்கிலும் இழப்பு முதலிலும் சட்டம் பிறகுமே வந்தன. கடன் தருவது ரிசர்வ் வங்கியின் பதிவு பெற்ற நிறுவனமா, கைக்கு வரும் தொகை எவ்வளவு, திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு, செயலி எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறது என்பவற்றைக் கடன் வாங்கும் முன் பார்ப்பதே, அந்த இடைவெளியில் ஒருவருக்கு உள்ள பாதுகாப்பாகும்.