மலைநகரும் கடலலையும்

கண்டி மாநகரில் நின்று கடலைக் காண இயலாது. ஆயினும் அந்நகரின் வாழ்வு கடற்கரையோடு பிணைந்தே வந்திருக்கிறது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டியரசு கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. அன்று முதல் உப்புக்கும் மலைநாடு பிறர் ஆண்ட கரையையே நம்ப வேண்டியதாயிற்று.

அடுத்த நூற்றாண்டில் கண்டிச் சீமையெங்கும் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. மாட்டுவண்டிகள் பல நாள் இழுத்த மூடைகள் விரைவிற் கொழும்பு சேர்ந்தன. ஆனால் அங்கே கப்பல்கள் காப்பற்ற கடலில் நங்கூரமிட்டு நின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், பேரலைகளிடையே படகுகளிற் சரக்கேற்றுவது பெரும்பாடாயிற்று. இக்குறை தீர்க்கச் சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலறிஞர் அலைதடுப்புச் சுவரொன்றை வகுத்தார். 1875 டிசம்பர் 8ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். கற்குவியலின்மேற் கொங்கிறீற்றுப் பாளங்களை அடுக்கிய அச்சுவர், ஏறத்தாழ 4,200 அடி நீண்டு, 1885இல் முற்றுப்பெற்றது. அதற்குள் இலைநோய் கோப்பிப் பயிரை வீழ்த்திவிட்டது. அச்சுவரின் பயனைப் பெற்றது மலைநாட்டுத் தேயிலையே.

அந்நாளில் அலையை ஆராயும் அறிவு கடல் கடந்து வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமோ 1950இல் கொழும்பில் தோன்றி, 1964இல் கண்டியை அடுத்த பேராதனைக்குப் பெயர்ந்தது. மலைகளின் நடுவே கடலைக் கற்பது எங்ஙனம் என்று கேட்போர் வியக்கலாம். பேராதனையைத் தழுவியோடும் மகாவலி கங்கையே அதற்கு ஒரு விடை. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையருகே கொட்டியாரக் குடாவிற் கலக்கும் அவ்வாறு, மலைமணலைக் கரைக்குச் சுமந்து செல்கிறது. அலை அரித்த கரையை ஆற்றுமணலே மீண்டும் நிரப்புகிறது. அணைகள் அம்மணலைத் தடுத்தாலும், கட்டடங்களுக்காக மனிதர் அதனை அள்ளினாலும், கரை மெலியும். ஆதலால் ஆற்றை அறியாதார் கரையைக் காத்தல் அரிது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதன்பின் பேராதனை ஆய்வாளர் கரையோர ஊர்களில், அலை எட்டிய உயரத்தையும் அது உட்புகுந்த தூரத்தையும் அளந்து பதிந்தனர். மாண்டோரை அவ்வளவீடுகள் மீட்கமாட்டா. எனினும், எங்கே குடியிருப்பது, எந்த மேட்டுக்கு ஓடித் தப்புவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க அவை துணை செய்யும். கூட் வகுத்த சுவர் கப்பலையும் சரக்கையும் காப்பதற்கு எழுந்தது. மலையடியில் வளர்ந்த இவ்வாய்வோ கரையில் உறங்கும் குழந்தைகளுக்காக அலையை அளக்கிறது.